அரை இன்ச் தண்ணீர்

கணினி என்னும் பொருளை நான் முதன்முதலில் தொட்டபோது என் தலை நரைத்திருந்தது. மல்லசமுத்திரத்தில் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு நீங்கிய நான், படிப்பகத்து நாளிதழ்களையும் பழைய இலக்கண நூல்களையும் துணையாகக் கொண்டு எழுத்தைப் பழகியவன். கணினியையும் அவ்வாறே, ஒவ்வொரு விசையாகத் தட்டிப் பார்த்து, அது என்ன செய்கிறதென்று கவனித்துக் கற்றுக்கொண்டேன். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளை வைத்துத் தொழில் நடத்தும் ஒரு நிறுவனத்தில் அலுவலகப் பொறுப்பை ஏற்றிருந்த எனக்கு வேறு வழியும் இருக்கவில்லை.

எங்கள் வண்டிகள் ஊரில் நிற்பது அரிது. சத்தீஸ்கரிலும் மத்தியப் பிரதேசத்திலும் கர்நாடகத்தின் வறண்ட தாலுகாக்களிலும் அவை பாறையைத் துளைத்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு மேனேஜர் உண்டு. அன்றைய வேலையை அவர் ஓர் அச்சடித்த சீட்டில் எழுதி, கைபேசியில் படமெடுத்து அனுப்புவார். எத்தனை அடி ஆழம், எவ்வளவு டீசல், துளை சரியாமலிருக்க எத்தனை கேசிங் பைப், எவ்வளவு தண்ணீர் என்று அச்சீட்டில் கட்டங்கள் இருக்கும். அவற்றை நாங்கள் அலுவலகத்தில் இருந்தபடி கணினியில் ஏற்றுவோம். கூலி அடிக்கணக்கில் என்பதால் ஆழம் எழுதிய கட்டத்தை எல்லோரும் பார்த்தார்கள். தண்ணீர்க் கட்டத்தைப் பார்த்தவர் எவருமில்லை.

எங்கள் முதலாளி என்னைவிட வயதில் இளையவர். தந்தைக்குப்பின் தொழிலை ஏற்றவர். கோவையில் தம் நண்பருடைய நூற்பாலைக்குச் சென்றிருந்தபோது, அங்கே சுவரை நிறைத்த ஒரு திரையில் வண்ணத் தூண்கள் ஏறுவதையும் இறங்குவதையும் கண்டு வந்திருந்தார். வந்ததும் வராததுமாக என் மேசைக்கு எதிரே அமர்ந்தார்.

"ஏனுங்ணா, நம்ம சங்கதி எல்லாமுந்தான் கம்ப்யூட்டர்ல கெடக்குது. நாம போட்டுக்கிட்டே இருக்கறோம். அது திருப்பி நமக்கு ஒண்ணும் சொல்ல மாட்டேங்குதே?"

"நாம ஒண்ணும் கேக்கலீங்களே தம்பி" என்றேன்.

விளையாட்டாகத்தான் சொன்னேன். ஆனால் அதன்பின் நடந்த யாவும் அந்தப் பேச்சிலிருந்துதான் கிளைத்தன.

எங்களுக்கு மென்பொருள் செய்து தந்த நிறுவனம், இத்திரையைத் திட்டமிடுவதற்கென ஒரு பெண்ணை அனுப்பியது. ஆத்தூர்ப் பக்கத்தைச் சேர்ந்தவர். எங்களைப் போலச் சொல்லுக்குச் சொல் 'ங்க' சேர்த்துப் பேசமாட்டார். தாம் செய்யும் வேலைக்குத் தமிழில் என்ன பெயர் என்று கேட்டேன். "வணிக நுண்ணறிவுன்னு சொல்றாங்க ஐயா" என்றார். அன்று மாலைப் பேருந்தில் வீடு திரும்பும் வழியெல்லாம் அச்சொல் என்னை விடவில்லை. நுண்ணறிவு மனிதருக்கு உண்டு. நாய்க்கும் காக்கைக்கும்கூட ஒருவாறு உண்டெனலாம். ஒரு வணிகத்துக்கு அது எவ்வாறு அமையும்? எங்கே குடியிருக்கும்? அறியும் ஆவல் மேலிட, அடுத்த நாள் வழக்கத்தைவிட முன்னதாகவே அலுவலகம் சென்றேன்.

அவர் மடிக்கணினியைத் திறக்கவேயில்லை. வெள்ளைத் தாள்களை மேசையில் பரப்பி, முதலாளியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இந்தத் திரையைப் பார்த்து நீங்க என்ன முடிவு எடுக்கப் போறீங்க சார்?"

"எல்லாத்தையும் காட்டோணும்மா. ஒண்ணு உடக்கூடாது."

"எல்லாத்தையும் காட்டினா திருவிழாக் கூட்டம் மாதிரி ஆயிடும் சார். யாரைத் தேடி வந்தோம்கிறதே மறந்துபோகும்."

முதலாளி சிரித்துவிட்டார். "எங்கூர்த் தேருக் கூட்டத்துல தொலஞ்சு போனவ பேசறாப்பல பேசறியேம்மா." பிறகு சற்று எண்ணிப் பார்த்துச் சொன்னார்: "எந்த வண்டிய வெச்சுக்கறது, எந்த வண்டிய விக்கறது. அது தெரிஞ்சாப் போதும்."

அப்பெண் அதை எழுதிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். எனக்கும் கேள்வி இருக்கும் என்று அவர் எதிர்பார்த்ததே எனக்கு வியப்பாயிருந்தது. ஓர் ஊரில் பாதாளம்வரை போனாலும் எட்டாத தண்ணீர், அடுத்த ஊரில் மேலாகவே ஊறி நிற்பதேன் என்று இந்த எந்திரம் சொல்லுமா என்று கேட்டேன். அவர் நகைக்கவில்லை, அதையும் எழுதிக்கொண்டார்.

"ஏன்னு சொல்லாது ஐயா. எங்கெங்கன்னு காட்டும்."

அதுவே போதுமென்று தோன்றியது.

சில வாரங்கள் கழித்து அவர் ஒரு மாதிரித் திரையைக் கொண்டுவந்து காட்டினார். டீசல் ஒரு பக்கம், அடிகள் ஒரு பக்கம், பழுதுச் செலவு ஒரு பக்கம் என்று அழகாகப் பிரிந்திருந்தது. கீழ் மூலையில், நாங்கள் கேளாத ஒரு படமும் இருந்தது: தண்ணீர் கிடைக்காத துளைகள், வண்டிவாரியாக. சீட்டில் அக்கட்டம் இருந்தமையால் அதையும் வரைந்து பார்த்ததாகச் சொன்னார். அதில் எல்லா வண்டிகளின் இடமும் வெறுமையாகக் கிடக்க, ஒரே ஒரு வண்டிக்கு மட்டும் செக்கச் சிவந்த தூண் ஒன்று எழுந்து நின்றது.

முதலாளி நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டார். "பாத்தீங்களாண்ணா! நாஞ் சொன்னா நம்ப மாட்டேன்னீங்க. அந்த வண்டி வாங்குனதுலருந்தே ராசியில்ல. கம்ப்யூட்டரே சொல்லிப்போடுச்சு."

இதன் பாரத்தை விளக்கியாக வேண்டும். கூலி அடிக்கணக்கில்தான், தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் குறைவதில்லை. எனினும் ராசியில்லாதது என்று பெயரெடுத்த வண்டியை எந்த விவசாயியும் தம் காட்டுக்குள் விடமாட்டார். பெயர் கெடுமுன் கைகழுவிவிட வேண்டும் என்பது இத்தொழிலில் எல்லோரும் நினைப்பதே. முதலாளி அங்கேயே கைபேசியை எடுத்துத் தெலுங்கானாவில் ஒருவரை அழைத்து, வாரக் கடைசியில் மெக்கானிக்கோடு வந்து வண்டியைப் பார்க்கச் சொல்லிவிட்டார்.

அவ்வண்டியின் மேனேஜர் ஜலகண்டாபுரத்துக்காரர். ஒன்றன்பின் ஒன்றாகத் துளைக்குள் இறக்கும் ராடுகளைத் தூக்கும் ஹெல்பராக வந்து சேர்ந்து, டிரில்லராகி, பிறகு மேனேஜர் ஆனவர். வண்டியிலிருந்த ஆட்கள் அனைவரும் அவரே தேடிச் சேர்த்தவர்கள். வண்டி கைமாறினால் அவருக்கு இடமில்லை. மற்ற வண்டிகளில் மேனேஜர்கள் இருந்தார்கள். மீண்டும் ராடு தூக்கும் வேலைக்கு ஏறுவதற்கு அவருடைய வயது இடங்கொடாது. ஊரில் அவர் கட்டத் தொடங்கிய வீடு ஜன்னல் உயரத்தில் நின்றிருந்தது. இவையெல்லாம் எனக்குத் தெரியும்.

முதலாளி எழுந்து சென்றபின்னும் அப்பெண் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, ஒரு சந்தேகம். இத்தனை வண்டி, இத்தனை வருஷம் போர் போட்டிருக்கு. இந்த ஒரு வண்டிக்கு மட்டும்தான் தண்ணி கிடைக்காம போச்சா?"

"அதெப்படிங்க அம்மிணி? எல்லா வண்டிக்குந்தான் போகும்."

"அப்போ அதெல்லாம் எங்க?"

"அதெல்லாம் அரை இன்ச்சுன்னு இருக்குமுங்க" என்றேன், ஊர்ப் பெயரைச் சொல்வது போல.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். அவ்வாறு வைத்த பின்னர்தான், நான் சொன்னது விளக்க வேண்டிய ஒன்று என்பது எனக்கே உறைத்தது.

துளையிலிருந்து வரும் தண்ணீரை இன்ச் கணக்கில் சொல்வது எங்கள் வழக்கம். ஒன்றரை இன்ச், இரண்டு இன்ச் என்று எழுதுவார்கள். ஒன்றுமே வராவிட்டால் 'தண்ணீர் இல்லை' என்று எழுத வேண்டும். ஆனால் எந்த ரிக் வண்டியிலும் எவரும் அப்படி எழுதமாட்டார்கள். தன் கையால் இல்லை என்று எழுதினால் அடுத்துத் துளைக்கும் பாயிண்டிலும் இல்லாமலே போகும் என்பது நம்பிக்கை. எங்கள் வீட்டில் உப்பு தீர்ந்தால் என் மனைவி தீர்ந்ததென்று சொல்லமாட்டார். "உப்பு வாங்கோணும்" என்பார். அதைப் போன்றதே இதுவும். ஆகையால் அரை இன்ச் என்று எழுதிவிடுவார்கள். படிப்பவர் புரிந்துகொள்வார்.

"அப்போ நிஜமாவே அரை இன்ச் வந்தா?"

"முக்கால்னு போடுவாங்க."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். இத்தனை காலம் அக்கட்டத்தைக் கணினியில் ஏற்றியவன் நான். இதில் நகைப்பதற்கு ஏதேனும் உண்டென்று ஒருநாளும் எண்ணியதில்லை. சிரித்து முடித்ததும் இருவருக்கும் ஒரே கேள்விதான் எழுந்தது: அப்படியானால் ஜலகண்டாபுரத்துக்காரர் மட்டும் எப்படிப் பூஜ்ஜியம் எழுதினார்?

அவர் அனுப்பிய சீட்டுகளின் படங்களைத் திறந்து பார்த்தோம். ஆழம் எழுதியிருந்தது. டீசல் எழுதியிருந்தது. சிவப்பில் நின்ற துளைகளுக்கெல்லாம் தண்ணீர்க் கட்டம் வெற்றிடமாக இருந்தது. நாங்களும் அதை நிரப்பாமல் கடந்திருந்தோம்.

"காலியா விட்டா கம்ப்யூட்டரே பூஜ்ஜியம்னு எடுத்துக்கும் ஐயா" என்றார் அப்பெண், மெல்லிய குரலில். எங்கள் நிறுவனத்தில் எவர் கையும் எழுதத் துணியாததை எந்திரம் தானாக எழுதி வைத்திருந்தது.

மேனேஜரை அழைத்து, அப்பெண்ணும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டேன். கம்ப்ரசரின் இரைச்சலுக்கு நடுவே அவர் குரல் வந்தது.

"ஏனுங்க, சொல்லுங்க. டேய், அதக் கொஞ்சம் நிறுத்துங்கடா! ம், சொல்லுங்க."

"சீட்டுல தண்ணிக் கட்டத்த எழுதாம உடறியே சாமி, ஏன்?"

"வந்தா எழுதறனுங்களே. வராத எடத்துல என்னத்தீங்க எழுதறது?"

"மத்தவங்கெல்லாம் அரைன்னு எழுதறாங்கல்ல?"

"நானும் மொதல்ல அப்பிடித்தானுங்க எழுதுனேன். ஒருக்கா ஒரு காட்டுக்காரரு அந்தச் சீட்ட எட்டிப் பாத்துப்போட்டாரு. எங்காட்டு அரை இன்ச்சு எங்கய்யா, நான் மோட்டார எங்க எறக்கறதுன்னு புடிச்சுக்கிட்டாரு. அவரு பேசுனதெல்லாம் இந்திங்க. எனக்கு நல்லாப் புரிஞ்சது சட்டையப் புடிச்சது ஒண்ணுதான்."

அப்பெண் கையால் வாயை மூடிக்கொண்டார்.

"அதுக்கப்பறம் அரைன்னு எழுதப் பயம். இல்லீன்னு எழுதக் கை வரலீங்க. சும்மா உட்டுட்டேன். நேத்துப் போட்டதுகூடப் புகைதானுங்க. தலையில இருந்து கடைசி ராடு வரைக்கும் வெறும் புகை." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஏனுங்க, வண்டிய விக்கறாங்களாமா? தெலுங்கானாக்காரரு ஒருத்தரு போன் பண்ணி, டயரு எப்ப மாத்துனதுன்னு என்னையே கேக்கறாருங்க. பசங்களுக்குத் தெரிஞ்சுபோயி, ஒருத்தனும் சோறு திங்கல."

பொய் சொல்லவும் இயலவில்லை. மெய்யைச் சொல்லவும் அதிகாரம் இல்லை. "நாளைக்குப் பேசறேன் சாமி. பசங்கள மொதல்ல திங்கச் சொல்லு" என்று வைத்துவிட்டேன்.

அன்று பிற்பகல் முழுவதும் நாங்கள் இருவரும் அப்படத்தைத் திருத்தினோம். அரை இன்ச் என்று எழுதிய துளைகளையெல்லாம் தண்ணீர் கிடைக்காதவையாகக் கொண்டோம். அப்பெண் ஒரு விசையைத் தட்டியதும், வெறுமையாயிருந்த இடங்களிலெல்லாம் சிவப்புத் தூண்கள் எழுந்தன. ஜலகண்டாபுரத்துக்காரரின் தூண் அவற்றுக்கு நடுவே அடையாளம் தெரியாமல் நின்றது. எல்லாவற்றையும்விட உயர்ந்து நின்ற தூண், முதலாளியின் தந்தை முதன்முதலில் வாங்கிய வண்டியினுடையது. ஆயுத பூசையன்று முதல் தேங்காய் அவ்வண்டிக்குத்தான் உடையும்.

மறுநாள் காலை முதலாளியிடம் காட்டினோம். காரணத்தைக் கேட்டதும் அவர் முகம் சிவந்தது.

"அப்ப இத்தன வருசமா அத்தன பேரும் எனக்குப் பொய்யெழுதிக் குடுத்திருக்கறானுங்களா? நீங்களும் தெரிஞ்சே அத ஏத்திக்கிட்டு இருந்தீங்களாண்ணா?"

அவர் கோபம் நியாயமானதே. எனினும் ஒன்று நினைவுக்கு வந்தது. "தம்பி, படிப்பு முடிச்சு வந்ததும் உங்கப்பா உங்கள ஒரு வருசம் வண்டியில அனுப்பி வெச்சாருங்களே. அப்ப சீட்டு எழுதுனது நீங்கதானே. தண்ணி வராத எடத்துல என்னங்க எழுதுனீங்க?"

அவர் என்னைப் பார்த்தார்; கூரையைப் பார்த்தார். பிறகு மீசைக்குள் சிரிப்பு வந்துவிட்டது. "அரை இன்ச்சுன்னுதான்."

அதன்பின் அவர் அந்த உயர்ந்த தூணில் விரலை வைத்தார். "இது நெசமாம்மா? அப்பா வண்டியா?"

"இதை வெச்சும் முடிவு எடுத்துடாதீங்க சார். பழைய வண்டியை எந்த மாதிரி இடத்துக்கு அனுப்பியிருக்கீங்கன்னு இதுல இல்லை."

"அப்ப இது என்னதாம்மா சொல்லுது?"

"இப்போதைக்கு உங்க ஆளுங்க எப்படி எழுதறாங்கன்னு சொல்லுது. பாறையைப் பத்தி இன்னும் ஒண்ணும் சொல்லலை."

முதலாளி தூணிலிருந்து விரலை எடுத்துக்கொண்டார். தந்தையின் வண்டியை விற்பதென்பது அவர் நினைத்தும் பார்க்க இயலாத காரியம். அதை விற்க மனமில்லாதபோது, அதைவிடத் தாழ்ந்து நிற்கும் தூணுக்காக வேறொன்றை விற்பது எவ்வாறு பொருந்தும் என்று அவர் எண்ணியிருக்கலாம். இறுதியில் கைபேசியை என் பக்கம் நகர்த்தினார். "அந்தத் தெலுங்கானாக்காரருகிட்ட, மழை முடிஞ்சு வண்டிக கொஞ்சநாள் ஓடட்டும், பாக்கலாம்னு சொல்லிப்போடுங்ணா. அதுக்குள்ள நெசம் என்னன்னு இவ சொல்லட்டும்."

ஆக, விற்பனை தள்ளிப்போயிற்றேயன்றி நின்றுவிடவில்லை. இனி வரும் சீட்டுகளே அதை முடிவு செய்யும். ஆனால் சீட்டை மெய்யாக எழுதச் செய்வது எப்படி? 'தண்ணீர் இல்லை' என்று ஒரு கட்டம் வைத்தால் எவரும் அதைத் தொடமாட்டார்கள் என்று நான் சொன்னேன். தண்டனை விதித்தால் தொடுவார்கள் என்றார் முதலாளி. அப்பெண் இரண்டையும் கேட்டுவிட்டு, "அவர் போன்ல புகைன்னு எவ்வளவு சுலபமா சொன்னார், கவனிச்சீங்களா ஐயா?" என்றார்.

நான் கவனித்திருக்கவில்லை. என் வாழ்நாள் முழுவதும் காதில் விழுந்த சொல் அது. ஈரமில்லாத பாறையைத் துளைத்தால் துளையின் வாய்வழியே மாவு போன்ற புழுதி புகையாய் எழும்பும். அதைச் சொல்வதற்கு எந்த மேனேஜரும் தயங்கியதில்லை. கண்ணால் கண்டதைச் சொல்வதில் என்ன குற்றம்? எனவே தண்ணீர்க் கட்டத்துக்கு முன்னால் புதிதாக ஒரு கேள்வி சேர்ந்தது: கடைசி ராடில் வந்தது என்ன? புகை, சேறு, தண்ணீர் என்னும் மூன்றில் ஒன்றைக் கைபேசியில் தொட வேண்டும். தொடாமல் விட்டால் வெற்றிடம் வெற்றிடமாகவே நிற்கும். எந்திரம் தானாக எதையும் எழுதிக்கொள்ளாது. மழைக்கு வண்டிகள் ஊர் திரும்பியபோது மேனேஜர்களை அழைத்து முதலாளியே இதை விளக்கினார். "அரை இன்ச்ச இனி அவங்கவங்க ஊட்டுல வெச்சுக்கங்க" என்றார். அறை முழுவதும் சிரித்தது. ஜலகண்டாபுரத்துக்காரர் மட்டும் பின்வரிசையில் சிரிக்காமல் அமர்ந்திருந்தார்.

வண்டிகள் மீண்டும் வடக்கே புறப்பட்டன. நாள்தோறும் காலையில் திரையைத் திறப்பது எனக்கு நாளிதழைத் திறப்பது போலாயிற்று. எவரும் நிரப்பாமல் விடும் கட்டங்கள் எங்கெல்லாம் உள்ளன என்று தேடும் பழக்கமும் தொற்றிக்கொண்டது. கூட்டுறவுச் சங்கத்து விண்ணப்பத்தைக்கூட, எழுதியவற்றை விட்டு எழுதாதவற்றிலிருந்து படிக்கத் தொடங்கினேன்.

புகை என்ற விடை எல்லா வண்டிகளிலிருந்தும் வந்தது. போதிய சீட்டுகள் சேர்ந்தபின், அப்பெண் தூண்களை வண்டிவாரியாக நிறுத்தாமல் இடவாரியாக நிறுத்திக் காட்டினார். அப்பொழுது ஒரு தாலுகாவின் தூண் மட்டும் தனித்து உயர்ந்தது. அங்கே போட்ட துளைகளிலெல்லாம் புகைதான். அத்தாலுகாவில் வேலை பிடித்துத் தரும் ஏஜெண்டு நச்சரித்து வண்டி கேட்கும்போதெல்லாம், பெரும்பாலும் பழைய வண்டியும், சில வேளைகளில் ஜலகண்டாபுரத்துக்காரரின் வண்டியும்தான் அங்கே போயிருந்தன; புது வண்டிகளை அந்தக் கரட்டுப் பாதையில் ஏற்ற முதலாளிக்கு மனம் வராதாம். நான் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு, ஏன் என்பது தெரியாவிடினும், எங்கே என்பது கிடைத்துவிட்டது. இனி அந்த ஏஜெண்டுக்கு எந்த வண்டியும் இல்லை என்று முதலாளி சொல்லிவிட்டார். தெலுங்கானாக்காரர் மறுபடி அழைத்தபோது, "அது ஓடற வண்டிங்க, குடுக்கறதா இல்ல" என்று அவர் சொன்னதை என் காதால் கேட்டேன்.

செய்தியை மேனேஜரிடம் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. நான் அழைக்குமுன் அவரே அழைத்தார். இம்முறை பின்னால் கம்ப்ரசர் ஓடவில்லை. தட்டுகளின் ஓசை கேட்டது.

"ஏனுங்க, எம் வண்டி இன்னைக்கு எந்தக் கலர்ல நிக்குதுங்க?"

"செவப்புத்தான் சாமி."

மறுமுனையில் தட்டுகளின் ஓசை நின்றது.

"எல்லா வண்டியுஞ் செவப்புத்தான். எந்த வண்டியும் விக்கறதில்லைன்னு சொல்லிட்டாரு."

"அப்பச் செரீங்க" என்றார். பிறகு கைபேசியைக் காதிலிருந்து எடுத்துவிட்டு எவரிடமோ உரக்கச் சொல்வது கேட்டது: "டேய், இன்னுங் கொஞ்சம் சோறு போடுறா!"